தழைக்கு விலை வந்த பிறகு

முட்டைக்கோசு வாங்கி வந்ததும் மேலே இருக்கும் இரண்டு இலையை உரித்துக் குப்பையில் போடுகிறீர்கள். நான் அதைக் குப்பை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதற்குத் தழை என்று பேர். கோசு இலை, முள்ளங்கித் தலை, காலிபிளவர் மட்டை, சோளத் தோகை, கீரைத் தண்டு, பலாச் சக்கை, தர்பூசணித் தோல் எல்லாமே தழைதான். புதுச்சேரி டவுன் மார்க்கெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நான் தழை எடுத்தேன். அதைத் தின்று என் மாடுகள் பால் கொடுத்தன. அந்தப் பாலை வைத்து மகனைப் படிக்க வைத்தேன், மூலக்குளத்து வீட்டுக்குத் தளம் போட்டேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாராவது 'ஐயோ பாவம்' என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை ஆகாது.

காலையில் பால் ஊற்றி முடித்துவிட்டுப் பஸ் ஏறுவேன். நான் போய்ச் சேரும்போது மார்க்கெட்டில் ஒரு சுற்று வியாபாரம் ஓய்ந்திருக்கும். உரித்தது, ஒடித்தது, வாடினது எல்லாவற்றையும் கடைக்காரர்கள் கீழே தள்ளியிருப்பார்கள். நான் துடைப்பத்தோடு வரிசையாகப் போவேன். ஒவ்வொரு கடை வாசலையும் பெருக்கிக் கொடுத்துவிட்டுத் தழையைச் சாக்கில் அள்ளிக்கொள்வேன். அவர்களுக்கு வாசல் சுத்தம், எனக்குத் தழை. நடுவில் காசு என்ற பேச்சே கிடையாது. ஆறு மூட்டை சேர்ந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவரே ட்ரை சைக்கிளில் மிதித்துக் கொண்டுவருவார்.

கொண்டுவந்ததை அப்படியே மாட்டின் முன்னால் கொட்டிவிட முடியாது. கோசு இலை அதிகமானால் வயிறு உப்பும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு ஆகாது. வெங்காயம் கூடவே கூடாது. பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். சாணியும் வீணாகாது. கீரை விற்கிறவள் ஒருத்தி, வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள், வாரம் ஒரு நாள் ஆள் அனுப்பித் தன் கீரைப் பாத்திக்குச் சாணி எரு அள்ளிக்கொண்டு போவாள். அவளுடைய கீரைத் தண்டு என் மாட்டுக்கு. என் மாட்டுச் சாணி அவளுடைய கீரைக்கு. இதற்கும் காசு கிடையாது.

மாடு கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கூட முதலில் தர மாட்டேன். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் வேகவைத்து, கட்டியானதும் துண்டு போட்டு, தூக்கில் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குத்தான் போவேன். தழை கொடுத்த கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. நீட்டினதும் யாரும் வாங்கிவிட மாட்டார்கள்.

"ஐய, வாணாங்கா. பேரப் புள்ளைங்களுக்குக் குடு."

"அட, புடி."

"இருக்கட்டும்கா."

"புடிய்யா, ஆறிப் போவுது."

அதற்கப்புறம்தான் கை நீளும். முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. கொடுக்கிறவர் மறுபடியும் கேட்பது அதைவிடப் பெரிய மரியாதை. முதல் தடவையே வாங்கிக்கொண்டால் அலைந்துகொண்டிருந்தான் என்பார்கள். மறுபடி கேட்காமல் போனால் கொடுக்க மனசில்லாதவள் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது இதுதான். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு கறுப்பு மாடு இருந்தது. நல்ல கறவை. ஒரு நாள் தீனி எடுக்கவில்லை. இரண்டாம் நாள் அசை போடவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார். செத்த பிறகு அறுத்துப் பார்த்தோம். வயிற்றில் பந்து மாதிரி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு, பால் பாக்கெட்டு எல்லாம் சுருட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம்.

அதைக் குழாயடியில் கழுவினேன். வெயிலில் காய வைத்தேன். மறுநாள் சாக்கில் போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற பாயின் கடைக்கு எதிரே, எல்லாரும் நடக்கிற வழியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம் மட்டும், "உங்க கடப் பைதான், அடையாளம் தெரியுதா பாரு" என்றேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பாய் எழுந்து வந்து முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"யக்கா, போதும். எடுத்துடு. எனுக்கு சோறு எறங்கல."

மறுநாளிலிருந்து பாய் கடையில் ஓர் ஆணியில் பிளாஸ்டிக், கீழே சாக்கில் தழை என்று தனித்தனியாக ஆனது. மற்ற கடைகளை நான் வாயால் திருத்தினேன். ஒரே ஒரு ரப்பர் பேண்டு தழையில் கிடந்தாலும் அந்தக் கடை வாசலில் நின்று ஊர் கேட்கத் திட்டுவேன். "மாட்டுக்கார அக்கா வர்றா, மாட்டுக்கார அக்கா வர்றா" என்று எனக்கு முன்னால் சேதி ஓடும், கடைக்காரர்கள் அவசரமாகக் குனிந்து பொறுக்குவார்கள். இரண்டு மூன்று வருஷம் திட்டினேன். அப்புறம் திட்டத் தேவையில்லாமல் போயிற்று. அந்த மார்க்கெட்டில் தழையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடக்காது என்ற பழக்கம் வந்துவிட்டது. அதைச் செய்தது நான். எந்தப் போர்டும் வைத்துச் செய்யவில்லை.

அந்த சுத்தம்தான் என் தீனிக்கு வினையாக வந்தது.

கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல தமிழ், முகத்தில் சிரிப்பு மாறாது. குப்பையிலிருந்து எருவும் எரிவாயுவும் செய்கிற கம்பெனி என்றார். கடை கடையாகக் குனிந்து சாக்கைக் கிளறிப் பார்த்தார். அவருக்கு நம்ப முடியவில்லை.

"இந்த ஏற்பாடு யாரு பண்ணது?"

பாய் என்னைக் கை காட்டினார். "அந்த அக்காதான் சார். வெள்ளக்காரன் காலத்துப் போலீஸ் மாதிரி. அது வாய்ல விழ பயந்துக்கினு பிரிச்சு வெக்கிறோம்."

கம்பெனிக்காரர் என்னிடம் வந்து கும்பிட்டார். "அம்மா, மத்த ஊர்ல எல்லாம் குப்பையப் பிரிக்கறதுக்கே பத்து ஆள் போடணும். அதுல பாதி தேறாது. இங்க எல்லாம் ரெடியா இருக்கு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. இதைச் சொல்ல வெட்கம்தான், சொல்லாவிட்டால் அது பொய். என் பால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த சொல்தா வீட்டு அம்மா என் பாலைத் தவிர வேறு வாங்க மாட்டாள். ஆனால் தழை எடுப்பதை ஒரு வேலை என்று மதித்துப் படித்தவர் ஒருவர் கும்பிட்டது அன்றைக்குத்தான். இரண்டு நாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் முழுக்கச் சுற்றினேன். எந்தக் கடையில் எந்த நேரத்தில் எவ்வளவு சேரும், எந்த மாதத்தில் பலாச் சக்கை வரும், எந்தக் கிழமையில் வாழை இலை மிஞ்சும், எல்லாம் சொன்னேன். அவர் போனில் தட்டிக்கொண்டே வந்தார்.

"இதுக்குக் கடைக்காரங்களுக்கு நீங்க என்ன குடுக்கறீங்க?"

"தழைக்கு யாராச்சும் வெல சொல்லுவாங்களா சார்?" என்று சிரித்தேன். அதையும் தட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பாயின் மண்டியில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பன்னு. கம்பெனிக்காரர் பொறுமையாக விளக்கினார். குப்பை மேட்டில் தழை அழுகினால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்புமாம். அது வானத்தைச் சூடாக்குமாம். அந்தத் தழையை அழுக விடாமல் எருவாகவும் அடுப்பு வாயுவாகவும் மாற்றினால், இவ்வளவு சூட்டைத் தடுத்தோம் என்று ஒரு சான்று கிடைக்குமாம். அந்தச் சான்றை வெளிநாட்டில் இருக்கிற பெரிய பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குவார்களாம். அந்தக் காசிலிருந்து கடைக்காரர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தருவார்களாம்.

"இவ்ளோ நாள் இதுக்கு விலை இல்ல. அதனாலதான் யாரும் மதிக்கல. ஒரு பொருளுக்கு விலைன்னு ஒண்ணு வெச்சுட்டா அது போக வேண்டிய எடத்துக்குத் தானா போயிடும்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் நான் எடுக்காத அழுகல் பழமும் மீன் கழிவும் பூவும் குவிந்து நாறிக்கொண்டுதான் இருந்தது. அதைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு பச்சைத் துண்டு போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரர் கேட்டார்.

"அம்மாவோட மாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கணும்ல? சொல்லுங்கம்மா, ஒரு நாளைக்கு எவ்ளோ வேணும்?"

ஆறு மூட்டை. நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அத்தனை பேர் முன்னால், போர்த்தின துண்டு தோளில் இருக்கும்போதே, எனக்கு இவ்வளவு கொடு என்று எப்படிக் கேட்பது?

"எனுக்கு இன்னாத்துக்கு சார்? ஊருக்கு நல்லது நடக்குது. நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். 'அது எப்படிம்மா, உங்களுக்கு இல்லாததா' என்று அவர் சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டாம் தடவை கேட்டால் 'ஏதோ பாத்துச் செய்ங்க' என்பேன். மூன்றாம் தடவை கேட்டால் 'மூட்ட ஆறு போதும்' என்பேன். மனசுக்குள் எல்லாம் தயாராக இருந்தது.

"சூப்பர்மா! பெரிய மனசு!" என்றார் அவர். போனில் எதையோ தட்டினார். அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

பாய் வாயைத் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார். எனக்காக இன்னொருத்தர் கேட்பதா என்று அந்த நேரத்தில் எனக்குக் கோபம். அந்தப் பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் பச்சைச் சட்டை போட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் மூடி போட்ட டிரம். மார்க்கெட் மூலையில் எடை மிஷின். நான் துடைப்பத்தோடு போய் முதல் கடையில் குனிந்தேன். கடைக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யக்கா, அத்த எட போடணும்கா" என்றார். இரண்டாவது கடையிலும் அதேதான். மூன்றாவது கடைக்கு நான் போகவில்லை. நேராகக் கீரைக்காரியிடம் போனேன். அவள் தண்டை எல்லாம் டிரம்மில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமாடி?"

"யக்கா, வயித்தெரிச்சல் படாத. எனுக்கு டீ செலவுக்கு ஆவுது. நீதான் கூட்டத்துல வாணாம்னு சொல்லிட்டியே."

"வாணாம்னா வாணாமா? ஒனுக்குத் தெரியாது?"

"எனுக்குத் தெரியும்கா. அந்தாளுக்குத் தெரியலியே. அவுங்க ஊர்ல ஒருவாட்டிதான் கேப்பாங்க போல."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "மாட்டுக்கார அக்காவுக்குத் துண்டு போத்தினதுல குளுரு விட்டுப் போச்சு, தீனியும் விட்டுப் போச்சு" என்றாள். முப்பது வருஷமாக அந்த மார்க்கெட்டில் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வெறும் சாக்கை மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் மூன்று மாடும் ஆட்டோ சத்தம் வருமென்று காதைத் திருப்பிக்கொண்டு நின்றன.

இரண்டு நாள் பொறுத்துக் கம்பெனிக்காரரைப் பார்க்கப் போனேன். எடை மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"மாட்டுக்குத் தீனி இல்ல சார்."

"நீங்கதானேம்மா வேணாம்னீங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். இப்ப இந்த மார்க்கெட்ல வர்றது அத்தனையும் எங்களுக்குன்னு மேல எழுதிக் குடுத்தாச்சு. எடை குறைஞ்சா சான்று குறையும்மா."

ஒரு தடவை கேட்டால் யார்தான் கொடு என்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அன்றைக்குக் கேட்காத பிச்சையை இன்றைக்குக் கேட்டது போல் ஆகிவிடும்.

வேறு ஒன்று கேட்டேன். "தழ அழுவுனாத்தான சூடு? எம்மாடு தின்னா அது அழுவப் போறதில்லியே. அப்ப எனுக்கும் அந்த சான்று உண்டா?"

அவர் சிரித்தார். "மாடு அசை போட்டு ஏப்பம் விடுதுல்ல, அதுலயும் அதே வாயுதாம்மா வரும். மாட்டக் கணக்குல சேத்தா எங்களுக்கு நஷ்டம்தான்."

என் மாட்டின் ஏப்பத்துக்கு உலகத்தில் எங்கேயோ கணக்கு வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பாலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சாணிக்கும் இல்லை. செத்துப்போன கறுப்பு மாட்டுக்கும் நான் அந்தப் பந்தோடு உட்கார்ந்திருந்த நாளுக்கும் நிச்சயமாக இல்லை. அவருக்குப் பத்து ஆள் கூலி மிச்சம் என்று சொன்னாரே, அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று எந்தப் போனிலும் யாரும் தட்டவில்லை.

"ஒண்ணு பண்ணுங்கம்மா" என்றார். "ஷெட்ல பிரிக்கற வேலைக்கு உங்கள மாதிரி ஒருத்தர்தான் வேணும். மேஸ்திரி மாதிரி. மாசச் சம்பளம், யூனிபாரம் குடுப்போம்."

"எம்மாட்டு வாய்லேர்ந்து எடுத்தத நானே பிரிச்சு ஒங்க தொட்டியில போடணுமா?"

"அப்டி இல்லம்மா..."

நான் நிற்கவில்லை.

வழியில் பாய் மறித்தார். குரலைத் தாழ்த்தி, "யக்கா, பின்பக்கமா வா. டெய்லி ரெண்டு மூட்ட ஒதுக்கி வெக்கிறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

"இந்த மார்க்கெட்ல நான் பின்பக்கமா வந்தது கெடையாது பாய்."

"வீம்பு புடிக்காத. மாடு வீம்பத் தின்னுமா?"

அவர் சொன்னது நியாயம். மாடு தின்னாது. ஆனாலும் நான் போகவில்லை. அந்த இரண்டு மூட்டையை வாங்கியிருந்தால் ஒரு மாடாவது நின்றிருக்கும் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டேன். பால் கொடுத்து வருவது அதற்கே போனது. முன்பெல்லாம் மூலக்குளத்தில் வீட்டைச் சுற்றி மேய ஏதாவது இருக்கும். இப்போது எல்லாம் மனை, மனையெல்லாம் வீடு, வீட்டைச் சுற்றி சிமெண்டுத் தரை. தை மாதத்துக்குள் ஒரு மாட்டை விற்றேன். பங்குனியில் இன்னொன்று. செவலை மட்டும் நின்றாள். சினையாக இருந்தாள். எங்கள் வீட்டிலேயே பிறந்து எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள், கறுப்பு மாட்டின் வழியில் வந்தவள். அவளை விற்பதில்லை என்று இருந்தேன்.

மகன் கெட்டவனில்லை. "ஏம்மா இந்த வயசுல கஷ்டப்படற? மாட்டுக் கொட்டாயை எடுத்துட்டு ரெண்டு ரூம் போடலாம். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க வாடகைக்கு எடுப்பாங்க" என்றான். எனக்குக் கஷ்டம் என்று அவனிடம் யார் சொன்னது? கஷ்டம் இல்லாமல் போனதுதான் எனக்குக் கஷ்டம். காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால் நாற்றம் போய்விட்டது. மூக்கைப் பொத்தாமல் நடக்கலாம். குப்பை மேட்டுக்குப் போகிற லாரியும் குறைந்ததாகப் பாய் சொன்னார். அந்த எரு கூட நல்ல எருதான். பீச்சுப் பக்கம், வெளியூர்க்காரர்கள் வாங்குகிற கடை ஒன்றில், சின்னத் துணிப்பையில் போட்டுச் சணல் கட்டி வைத்திருந்தார்கள். பையின் மேல் ஒரு படம். பச்சைத் துண்டு போர்த்திக்கொண்டு ஒரு கிழவி நிற்கிறாள். என்னை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. "பாட்டி, எதாச்சும் வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

கீரைக்காரியை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பக்கத்தில் அதே கம்பெனி எரு, பெரிய மூட்டை.

"சாணிதான் இல்லியே, இத்தத்தான் வாங்குறேன்" என்றாள். "தண்ட வித்து வர்ற காசு இந்த மூட்டைக்கே சரியாப் போவுதுக்கா."

"டீ செலவு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு குரூர சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை.

விலை வைத்தால் பொருள் போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போகும் என்றாரே, அதை நான் நிறைய நாள் யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. தழை போனது. ஒரு துண்டு கூட வழியில் சிந்தாமல் போனது. ஆனால் அந்த வெளிநாட்டுக் காசு மார்க்கெட்டுக்குள் வந்தபோது அதற்குத் தழை மட்டும்தான் கண்ணில் பட்டது. தழை ஏற்கனவே போய்க்கொண்டிருந்த வழி கண்ணில் படவில்லை. விலை இல்லாமல் நடக்கிறது என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டது. நானும்தான் வாயால் சொன்னேனே, விலை கிடையாது என்று, சிரித்துக்கொண்டே.

ஆனி மாதத்தில் செவலை கன்று போட்டாள். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் கன்று போட்ட மாட்டுக்கு வயிறு நிறைய வேண்டும். நான் போடுகிற வைக்கோலில் அவள் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மகனிடம் மாடு வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருவதாகச் சேதி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைசியாக ஒரு பானை சீம்பால் வேகவைத்தேன். துண்டு போட்டுத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தழை கொடுக்காதவர்களுக்கு எதற்குச் சீம்பால் என்று மருமகள் கேட்டாள். கொடுத்தது முப்பது வருஷம், கொடுக்காதது ஒரு வருஷம் என்றேன்.

கடை கடையாக நீட்டினேன். "வாணாங்கா" என்றார்கள். மரியாதைக்குச் சொல்லவில்லை, கூசிப்போய்ச் சொன்னார்கள். "புடி, ஆறிப் போவுது" என்றேன். வாங்கிக்கொண்டார்கள். பாய் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார். "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்கா" என்றார். "நான்தான தொறக்க வுடல" என்றேன். கீரைக்காரி மட்டும் முதல் தடவையே கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

தூக்கில் இரண்டு துண்டு மீதி இருந்தது. எடை மிஷின் பக்கத்தில் கம்பெனிக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா. என்ன அது, வாசனையா இருக்கு?"

"சீம்பாலு. மாடு கன்னு போட்டுது."

"அட! எங்க அம்மா செய்வாங்க. சாப்ட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு" என்றார். கண் தூக்கை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் அவர் கம்பெனிக்காரராகத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையாகத்தான் தெரிந்தார்.

"எடுத்துக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாம்மா. இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். கை லேசாக முன்னால் வந்துவிட்டிருந்தது.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் வழக்கம் அவர் வீட்டிலும் இருந்திருக்கிறது. எருவுக்கும் சான்றுக்கும் வரும்போது மறந்துவிட்டு, சீம்பாலுக்கு மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

நான் தூக்கை மூடினேன்.

"சரி சார், வரேன்" என்று நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. பஸ் ஸ்டாப் போவதற்குள் அது போய்விட்டது. நான் பெரிதாக எதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடவில்லை. இரண்டு துண்டு சீம்பால், அவ்வளவுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் யாரோ, ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டோடு இருந்தாள். "இன்னாம்மா, ஏலக்கா வாசன வருது" என்றாள். திறந்து நீட்டினேன்.

"ஐய, வாணாம்மா."

"புடி."

"ஒங்க வூட்டுக்கு..."

"புடிம்மா, ஆறிப் போச்சு."

வாங்கிக்கொண்டாள். இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை ஆள் வந்தான். பல்லைப் பார்த்தான், மடியைத் தொட்டுப் பார்த்தான், கன்றைச் சுற்றி வந்தான். பேச்சு முடிந்தது. செவலையின் கயிற்றை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

"பழக்கமான தீனி இன்னாம்மா?" என்று கேட்டான்.

"மார்க்கெட்டுத் தழ" என்றேன்.

"அத்தெல்லாம் இப்பக் கெடைக்காதே" என்றான், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே.

"கெடைக்காது" என்றேன்.